ஜெனரல் மேனேஜருக்கு எத்தனை வருஷம் தவணை?

வாசகர் கேள்வி – பதில்: ஐஸ் ஹாக்கி

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல். பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ஜெனரல் மேனேஜரை எப்போது மாற்றுவது? அதனால் இந்த இதழில் பக்கம் முழுவதும் அதற்கே. புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. இன்று இரவு யார் ஆடுவது என்று முடிவு செய்பவர் கோச். அணியில் யார் இருப்பது, என்ன சம்பளத்துக்கு, எத்தனை வருடத்துக்கு என்று முடிவு செய்பவர் ஜெனரல் மேனேஜர்.

கே: என் மகன் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஆட்டம் பார்க்க அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்துகொள்கிறான். 2019-லிருந்து ஸ்டீவ் ஐசர்மன்தான் மேனேஜர். வருடா வருடம் 'பொறுங்கள், பொறுங்கள்' என்கிறார்கள். ஒருவருக்கு எத்தனை வருடம் கொடுப்பது நியாயம்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

ப: ஒரே ஒரு எண்தான் வேண்டும் என்றால், நான்கு சீசன். ஏன் என்று பார்ப்போம்.

மேனேஜர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் பதவிக்கு வருகிறார்கள். ஜூன் கடைசியில் டிராஃப்ட், அதாவது பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் வரிசை போட்டு எடுத்துக்கொள்ளும் நாள். அதற்கான பெயர்ப் பட்டியலை வருடம் முழுக்க அலைந்து தயாரித்தவர்கள் முந்தைய மேனேஜர் வைத்த ஸ்கவுட்டுகள், அதாவது திறமையுள்ள பையன்களைத் தேடுபவர்கள். எனவே முதல் டிராஃப்டில் புதியவரின் கை பாதிதான். சொந்த ஆட்களை வைத்து எடுக்கும் டிராஃப்ட் இரண்டாம் வருடம்தான் வரும். அதில் எடுத்த பையன் முன்கள ஆட்டக்காரன் என்றால் 20 முதல் 22 வயதுக்குள் பெரிய அணியில் நிலைப்பான். தடுப்பாட்டக்காரனுக்கு இன்னும் ஓரிரு வருடம் ஆகும். கோலிக்கு, அதாவது கோல்காப்பாளருக்கு, 24, 25 வயதுகூட ஆகலாம்.

ஒப்பந்தங்களும் அப்படித்தான். சொந்த ஆட்டக்காரரை எட்டு வருடம் வரைக்கும், வெளியாளை ஏழு வருடம் வரைக்கும் ஒப்பந்தம் செய்ய விதி இடம் கொடுத்து வந்தது (2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய உடன்படிக்கையில் இது ஏழு, ஆறு என்று குறைகிறது). முன்னவர் போட்ட கையெழுத்துக்குப் பின்னவர் சம்பளம் கட்டுகிறார். நேட்டால் கரும்புத் தோட்டக் கணக்கில் சொன்னால், புது மேனேஜர் முதல் இரண்டு வருடம் வெட்டுவது முன்னவர் நட்டதன் கட்டைக்கரும்பு. அது இனித்தால் இவருக்குப் பாராட்டும் வேண்டாம், சப்பென்றிருந்தால் பழியும் வேண்டாம்.

நான்காவது சீசன் முடியும்போது நிலைமை மாறிவிடும். வாரிசாக வந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை முடிந்திருக்கும். அவரே போட்ட ஒப்பந்தங்களில் இரண்டு வருடமாவது ஓடியிருக்கும். முதல் இரண்டு டிராஃப்ட் பையன்கள் பெரிய அணியிலோ, அதற்கு ஒரு படி கீழே உள்ள ஏ.ஹெச்.எல்.-லிலோ ஆடிக்கொண்டிருப்பார்கள். லீகின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை வந்திருக்க வேண்டும் என்று அப்போது கேட்கக்கூடாது. கையில் இருப்பதில் எத்தனை சதவீதம் அவர் தேர்ந்தெடுத்தது, அதன் தரம் என்ன என்று கேட்கலாம். ஐந்தாவது சீசனில் பிளேஆஃப், அதாவது லீக் ஆட்டங்களுக்குப் பிறகு முன்னணி அணிகள் கோப்பைக்கு மோதும் சுற்று, கேட்கலாம்.

இதை டெட்ராய்ட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 2016-க்குப் பிறகு பிளேஆஃப் காணாத அணியைத்தான் ஐசர்மன் வாங்கினார். 2019-20 சீசனில் 17 வெற்றி, 49 தோல்வி, வெறும் 39 புள்ளி. கடைசி இடத்தில் இருந்தும், டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று குலுக்கும் லாட்டரியில் சறுக்கி நான்காவது தேர்வுதான் கிடைத்தது. அந்த நான்கில் லூகாஸ் ரேமண்டை எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆறாவது இடத்தில் மோரிட்ஸ் சைடர். இரண்டுமே நல்ல தேர்வுகள்; சைடர் 2022-ல் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். டிராஃப்ட் பக்கம் குறை சொல்ல அதிகம் இல்லை.

சந்தையில் வாங்கிய பக்கம்தான் இடிக்கிறது. 2022-ல் ஆண்ட்ரூ காப்புக்கு ஐந்து வருடம், பென் சியரோட்டுக்கு நான்கு வருடம், 2023-ல் ஜே.டி. காம்ஃபருக்கு ஐந்து வருடம். மூவருமே நடுத்தர ஆட்டக்காரர்கள். இளைஞர்கள் முதிர்வதற்குள் அணியை நடுவாந்தரத்துக்குத் தூக்கும் அளவுக்கு இவர்கள் உதவினார்கள், அதற்கு மேல் தூக்கவில்லை. 2023-24-ல் வாஷிங்டனும் டெட்ராய்ட்டும் 91 புள்ளியில் சமமாக நின்று, கூடுதல் நேரம் போகாமல் வழக்கமான நேரத்திலேயே பெற்ற வெற்றிகள் குறைவு என்ற கணக்கில் டெட்ராய்ட் வெளியே போனது. 2024-25 வரை ஆறு சீசன், பிளேஆஃப் பூஜ்யம். 'பொறுங்கள்' என்ற சொல்லுக்கு நான்காம் ஆண்டு வரை அர்த்தம் இருந்தது. ஆறாம் ஆண்டிலும் அதையே சொல்வது, அவர் 1997 முதல் அந்த நகரத்துக்கு மூன்று கோப்பை வாங்கித் தந்த கேப்டன் என்ற மரியாதைக்குக் கொடுக்கும் வட்டி. வேறு பெயருள்ள மேனேஜராக இருந்தால் ஐந்தாவது வருடமே பெட்டி கட்டச் சொல்லியிருப்பார்கள்.

கே: என்.ஹெச்.எல்.-க்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், லெனேசியா

ப: உண்டு, இந்தப் பக்கத்தின் விஷயத்துக்கும் பொருந்துகிற தொடர்பு. கோலி ஓலாஃப் கோல்சிக் 1970-ல் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தவர். 1989-ல் வாஷிங்டன் கேபிடல்ஸ் அவரை 19-ஆவது இடத்தில் எடுத்தது. அணியின் முதல் கோலியாக அவர் நிலைத்தது 1997-98-ல், அதாவது எட்டு ஒன்பது வருடம் கழித்து. எடுத்தபோது மேனேஜர் டேவிட் பாய்ல். 1997-ல் அணி பிளேஆஃபைத் தவறவிட்டதும் பாய்லை அனுப்பிவிட்டு ஜார்ஜ் மெக்ஃபீயைக் கொண்டுவந்தார்கள். மெக்ஃபீயின் முதல் சீசனிலேயே, கோல்சிக் கோலில் நின்று, அணி வரலாற்றில் முதல் முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது. டெட்ராய்ட்டிடம் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது வேறு கதை. முதல் வருட வெற்றியை வைத்துப் புது மேனேஜருக்கு மாலை போடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

பாய்ல் நேராக நாஷ்வில்லின் முதல் மேனேஜராகப் போய் 2023 வரை அங்கேயே இருந்தார். கோப்பை இல்லை, ஒரே ஒரு இறுதிப் போட்டி, 2017-ல்.

கே: அணி தோற்றால் முதலில் கோச்சைத்தான் தூக்குகிறார்கள். ஆட்களை வாங்கியவர் மேனேஜர்தானே? இங்கே கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணியிலும் இதே கூத்துதான்.
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: கோச்சை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம், பலன் ஒரு மாதத்தில் தெரியும். மேனேஜரை மாற்றினால் ஸ்கவுட்டுகள், துணை மேனேஜர்கள், ஏ.ஹெச்.எல். அணி என்று ஒரு கட்டடமே ஆடும். முதலில் கோச் போவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

சில நேரம் அது பலிக்கவும் செய்யும். செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 2018 நவம்பரில் கோச் மைக் யோவை நீக்கி கிரெய்க் பெருபேயைத் தற்காலிகமாக வைத்தது. 2019 ஜனவரி 3-ஆம் தேதி லீகிலேயே கடைசி இடம். அதே ஜூனில் கோப்பை. மேனேஜர் டக் ஆர்ம்ஸ்ட்ராங் 2010-லிருந்து அதே நாற்காலியில்தான் இருந்தார். அந்த ஜனவரியில் அவரையும் சேர்த்து அனுப்பியிருந்தால், அவசரத்தில் வந்தவர் அரை அணியை விற்றிருப்பார்.

ஆனால் இதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேனேஜருக்குச் சொந்தமாக இரண்டு கோச் தேர்வு. வாரிசாக வந்த கோச் கணக்கில் சேராது. இரண்டாவது ஆளும் தோற்றால், மூன்றாவது ஆளைத் தேடும் வேலையை அடுத்த மேனேஜரிடம் கொடுப்பதே சரி. சீஃப்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது புரிகிறது: 2015-க்குப் பிறகு 2025-ல் நெட்பேங்க் கோப்பை வரும் வரைக்கும் வெறுங்கை, இடையில் வந்துபோன கோச்சுகள் பலர், மேலே மாறியவர்கள் சொற்பம்.

கே: வெற்றி தோல்வியைப் பார்க்கக்கூடாது என்றால், முதல் இரண்டு வருடத்தில் எதைப் பார்த்து எடை போடுவது? எனக்குச் சம்பளத் தளங்களைப் பார்க்கத் தெரியும், என்ன தேடுவது என்றுதான் தெரியவில்லை.
– வாசகர், டோங்காட்

ப: நல்ல கேள்வி, நீளமாகவே சொல்கிறோம்.

முதலில் ஒவ்வொரு புது ஒப்பந்தமும் முடியும் வருடத்தில் ஆட்டக்காரரின் வயது என்ன என்று எழுதுங்கள். வருடச் சம்பளம் பத்து சதவீதம் கூடினாலும் அணி தாங்கும். 29 வயதுக்காரருக்கு ஏழு வருடம் கொடுத்தால் தாங்காது. கடைசி மூன்று வருடம் அவர் ஆடாத ஆட்டத்துக்குக் கூலி. அடுத்து, நகர்த்தக்கூடாது (ஆட்டக்காரரின் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு அனுப்பக்கூடாது) என்ற விதி யார் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 27 வயதோ ஏழு சீசனோ ஆன பிறகுதான் ஆட்டக்காரருக்கு அதைக் கேட்கும் உரிமை வருகிறது. முதல் வரிசை ஆட்களுக்குக் கொடுப்பது தவிர்க்க முடியாதது. மூன்றாவது வரிசை ஆட்டக்காரருக்கும் அதைக் கொடுத்தால், மேனேஜருக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்று பொருள்.

மூன்றாவது, அடுத்த மூன்று டிராஃப்டில் அணியிடம் இருக்கும் தேர்வுகளை எண்ணுங்கள். ஏழு சுற்று, ஆக வருடத்துக்கு ஏழு. மூன்று வருடத்துக்கு 21. மறுகட்டுமானம் என்று அறிவித்த அணியிடம் 21-க்குக் குறைவாக இருந்தால் வாய் ஒன்று சொல்கிறது, கை வேறு செய்கிறது. முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளுக்கே அதிக எடை கொடுங்கள். ஆறாம் ஏழாம் சுற்றுகளைக் குவிப்பது பெரிதல்ல.

நான்காவது, ஒப்பந்தம் முடியப்போகும் ஆட்டக்காரர்களை மார்ச் வர்த்தகக் கெடு நாளுக்கு (அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) முன் என்ன செய்கிறார் என்பது. கடைசி எட்டில் இருக்கும் அணி, ஜூலை 1-ஆம் தேதி விடுதலையாகப்போகும் நல்ல தடுப்பாட்டக்காரரை விற்காமல் வைத்து, பிறகு சும்மா இழந்தால் அது நேரடி நஷ்டம். வாங்குகிற அணிக்குச் சம்பள உச்சவரம்பில் (ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் எல்லை) இடம் இல்லை என்பது சாக்கு ஆகாது. விற்கும் அணி சம்பளத்தில் பாதி வரை தானே சுமக்கலாம். ஒரே நேரத்தில் அப்படி மூன்று ஒப்பந்தம் வரைக்கும் அனுமதி.

ஐந்தாவது, செத்த பணம், அதாவது ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு தொகைக்கு விலைபேசி வெளியே அனுப்பப்பட்ட ஆட்டக்காரருக்காகச் சம்பள உச்சவரம்பில் வீணாகும் தொகை. கணக்கு எளிது. ஒருவருக்கு வருடம் 50 லட்சம் டாலர், இன்னும் மூன்று வருடம் பாக்கி என்று வையுங்கள். மொத்தம் ஒன்றரைக் கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு கோடி. அதை இரண்டு மடங்கு காலத்துக்கு, ஆறு வருடத்துக்குப் பரப்ப வேண்டும். வருடத்துக்குச் சுமார் 16.7 லட்சம் டாலர், ஆறு வருடம் அணியின் கழுத்தில். ஆட்டக்காரர் 26 வயதுக்குக் கீழ் என்றால் மூன்றில் ஒரு பங்குதான், வருடத்துக்கு 8.3 லட்சம். கையெழுத்து போனஸ் கலந்த ஒப்பந்தத்தில் கணக்கு இதைவிட மோசமாகும், ஏனென்றால் போனஸ் பகுதியைக் குறைக்க முடியாது.

செத்த பணம் யாருடையது என்று பார்க்காமல் தீர்ப்பு சொன்னால் தவறிவிடும். மினசோட்டா வைல்ட் 2012 ஜூலை 4-ஆம் தேதி சாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவருக்கும் ஆளுக்கு 13 வருடம், 9.8 கோடி டாலர் என்று எழுதிக்கொடுத்தது. எழுதியவர் சக் ஃபிளெட்சர். 2021-ல் இருவரையும் பில் கெரின் விலைபேசி அனுப்பினார். அதற்கான அபராதம் 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் 1.47 கோடி டாலருக்கு மேல். சின்ன மிச்சம் 2028-29 வரை ஓடும். உச்சவரம்பு 8.35 கோடி, 8.8 கோடி இருந்த வருடங்களில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் இல்லாமல் கெரின் அணி நடத்தினார். அந்த இரண்டு சீசனை மற்ற மேனேஜர்களின் சீசனோடு ஒப்பிடுவதே அநியாயம்.

உச்சவரம்பு என்றதும் இன்னொன்று. 2019-20 முதல் மூன்று சீசன் அது 8.15 கோடியில் அசையாமல் நின்றது. 2025-26-ல் 9.55 கோடி. நின்ற காலத்தில் தவறாகத் தெரிந்த பல ஒப்பந்தங்கள் இப்போது தாங்கக்கூடியதாகத் தெரிகின்றன. மேனேஜர் புத்திசாலி ஆனதால் அல்ல, லீகுக்கு வருமானம் கூடியதால். எனவே டாலரைப் பார்க்காமல் உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்று எழுதிப் பழகுங்கள்.

கே: மான்ட்ரியல் 2021-ல் இறுதிப் போட்டிக்குப் போனது. அதே வருடக் கடைசியில் மேனேஜர் மார்க் பெர்ஜவனை நீக்கினார்கள். இது நன்றிகெட்ட வேலை இல்லையா?
– வாசகி, டர்பன்

ப: இல்லை. 2021 அசாதாரண சீசன். 56 ஆட்டம்தான், கனடா அணிகள் தங்களுக்குள் மட்டும் மோதிக்கொண்டன. மான்ட்ரியல் 24 வெற்றி, 21 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 11 என்று 59 புள்ளியில் உள்ளே நுழைந்தது. கேரி பிரைஸ் கோலில் நின்று நடத்திய இரண்டு மாத அற்புதம் அது. பிறகு பிரைஸ் இல்லை, ஷே வெபர் திரும்பவே இல்லை, பிலிப் டனோ ஒப்பந்தம் முடிந்து போனார், ஜெஸ்பெரி கொட்கனியெமியை கரோலினா ஆஃபர் ஷீட் (வேறு அணியின் ஆட்டக்காரருக்கு நேரடியாக ஒப்பந்தம் நீட்டுவது) போட்டு எடுத்துக்கொண்டது. அடுத்த சீசன் 6 வெற்றி, 15 தோல்வி என்று தொடங்கியது. பெர்ஜவன் 2012-லிருந்து இருந்தவர், ஒப்பந்தமும் கடைசி வருடத்தில். ஒன்பதரை வருடம் குறைந்த தவணை அல்ல.

நான்கு ஏழு-ஆட்டத் தொடர்களைக் கொண்டு மேனேஜரை அளக்கக்கூடாது என்பதற்கு மறுபக்கமும் உண்டு. டாம்பா பே 2018-19-ல் 62 வெற்றி, 128 புள்ளி எடுத்து முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்கும் தோற்றது. புது மேனேஜர் ஜூலியன் பிரிஸ்புவா கோச்சையும் மாற்றவில்லை, முக்கிய ஆட்களையும் விற்கவில்லை. ஓரங்களில் மட்டும் ஆள் சேர்த்தார். 2020, 2021 இரண்டிலும் கோப்பை. அந்த அணியின் நிகிதா குச்செரோவ் (2011, 58-ஆவது), ஆண்ட்ரே வசிலெவ்ஸ்கி (2012, 19-ஆவது), பிரேடன் பாய்ன்ட் (2014, 79-ஆவது) மூவரையும் எடுத்தவர் ஐசர்மன். அவர் 2018-லேயே விலகிவிட்டார். டெட்ராய்ட்டில் அவருக்கு இவ்வளவு நீண்ட கயிறு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: பஃபலோ சேபர்ஸ் மாதிரி மேனேஜரை மாற்றிக்கொண்டே இருந்தால் எப்படி உருப்படும்?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

ப: மாற்றியதும் கெடுத்தது, மாற்றாததும் கெடுத்தது. 2011-க்குப் பிறகு 2025 வரை 14 சீசன் தொடர்ச்சியாகப் பிளேஆஃப் இல்லை, லீக் வரலாற்றிலேயே நீண்ட வறட்சி. டிம் முர்ரே 2014 முதல் 2017 வரை மூன்று வருடத்துக்குச் சற்று மேல்; ஜேசன் பாட்டரில் 2017 முதல் 2020 வரை மூன்று. இருவரும் நான்கைத் தொடவில்லை. பிறகு கெவின் ஆடம்ஸ் 2020 ஜூன் முதல் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தார். அவரை 2025 டிசம்பரில்தான் நீக்கி யார்மோ கெக்கலைனனை வைத்தார்கள்.

குறுகிய தவணை எப்படித் தவறான தீர்ப்பில் முடியும் என்பதற்குப் பாட்டரிலின் ஒரு வர்த்தகம் போதும். 2018 ஜூலை 1-ஆம் தேதி ரயன் ஓ'ரைலியை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தார். அடுத்த ஜூனில் ஓ'ரைலி கோப்பையும் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். பஃபலோவே கைகொட்டிச் சிரித்தது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் டேஜ் தாம்ப்ஸன் என்ற நெட்டையான இளைஞர். அவர் 2021-22-ல் 38 கோல், 2022-23-ல் 47 கோல். அதற்குள் பாட்டரில் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. வர்த்தகம் நல்லது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஓராண்டில் தெரிந்த அளவுக்குக் கேவலமும் அல்ல.

இத்தனை மாற்றத்திலும் மாறாதவர் ஒருவரே, 2011 பிப்ரவரியில் அணியை வாங்கிய உரிமையாளர் டெரி பெகுலா. மூன்றாவது மேனேஜரும் தோற்றால், பார்வையை ஒரு மாடி மேலே உயர்த்துவது நல்லது.

கே: ஒரே சீசனில் நீக்குவது எப்போதாவது சரியா?
– வாசகி, வெருலம்

ப: சரியாகலாம். மேலே சொன்ன மினசோட்டாவில் ஃபிளெட்சருக்கும் கெரினுக்கும் இடையில் பால் ஃபென்டன் என்று ஒருவர் 2018 மே முதல் 2019 ஜூலை வரை, சுமார் 14 மாதம் இருந்தார். நடுவில் நீனோ நீடர்ரைட்டரைக் கொடுத்து விக்டர் ராஸ்க்கை வாங்கினார். பனிமேல் ஒரு மாதத்தில் தெரிந்துபோன நஷ்டம். அலுவலகத்துக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. உரிமையாளர் தான் எடுத்த முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டு, அடுத்த மூன்று வருடத்தை வீணாக்காமல் நிறுத்தினார்.

தோல்விக்காக ஒரு வருடத்தில் நீக்காதீர்கள். இரண்டு காரணம் மட்டும் காத்திருக்கத் தகாதவை. ஒன்று, தன் நாற்காலியைக் காக்க அணியின் எதிர்காலத்தை விற்பது: கடைசி வரிசையில் இருந்துகொண்டு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து 31 வயதுக்காரரை வாங்குவது. இரண்டு, கூட வேலை செய்பவர்கள் ஓடுவது. நல்ல ஸ்கவுட்டுகள் ஒருவர் பின் ஒருவராக வேறு அணிக்குப் போனால் அதன் விலை நான்கு வருடம் கழித்துத்தான் டிராஃப்டில் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

கே: மிக மோசமான சீசனுக்குப் பிறகும் விட்டுவைத்து நன்மை கண்ட அணி உண்டா?
– வாசகர், மவுன்ட் எட்ஜ்கம்

ப: கொலராடோ. 2016-17-ல் 22 வெற்றி, 56 தோல்வி, 48 புள்ளி, கடைசி இடம். லாட்டரியிலும் நான்காவதுக்குச் சறுக்கல். ஜோ சாக்கிக் 2013-லிருந்தே ஹாக்கிப் பிரிவின் தலைவர், 2014-லிருந்து மேனேஜர் பட்டமும் சேர்ந்து; எங்கள் கணக்குப்படி தவணை முடிந்துவிட்டது. ஆனாலும் வைத்துக்கொண்டார்கள். அந்த நான்காவது இடத்தில் கேல் மக்காரை எடுத்தார். அணியை விட்டுப் போகவேண்டும் என்று கேட்ட மாட் டுஷேனை, எல்லோரும் அவசரப்படுத்தியும், கேட்ட விலை வரும் வரை விற்காமல் 2017 நவம்பர் வரை வைத்திருந்தார். அந்த வர்த்தகத்தில் சாமுவேல் ஜிரார்டும், பிறகு 2019-ல் போவன் பைரமாக மாறிய ஒட்டாவாவின் முதல் சுற்றுத் தேர்வும் வந்தன. 2022-ல் கோப்பை, அதே கோச் ஜாரெட் பெட்னரோடு.

வித்தியாசம் எங்கே? 48 புள்ளி எடுத்த அந்த அணியில் நேதன் மெக்கினனுக்கு 21 வயது, மிக்கோ ரன்டனனுக்கு 20. தோற்ற அணியின் முதுகெலும்பு 22 வயதுக்குக் கீழ் என்றால் பொறுக்கலாம். 29 வயதுக்கு மேல் என்றால் பொறுக்க எதுவும் இல்லை.

கே: நீக்குவது என்று முடிவாகிவிட்டால் எந்த மாதம் நல்லது?
– வாசகர், உம்கோமாஸ்

ப: ஏப்ரல். லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாள். டிராஃப்டுக்குப் பத்து வாரம், ஜூலை 1 சந்தைக்குப் பதினொரு வாரம் இருக்கும். வேலை தேடும் நல்ல ஆட்களும் அப்போதுதான் கிடைப்பார்கள்.

இரண்டு தேதிகளை எப்படியும் தவிருங்கள். வர்த்தகக் கெடுவுக்கு அடுத்த வாரம் நீக்குவது வீண். பிலடெல்ஃபியா 2023-ல் கெடு மார்ச் 3-ஆம் தேதி முடிய விட்டு, மார்ச் 10-ஆம் தேதி ஃபிளெட்சரை (ஆம், அதே ஃபிளெட்சர்) நீக்கியது. ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக் விற்கப்படாமலே போனார். போகப்போகிறவர் என்று தெரிந்தும் கையில் பேனாவை விட்டுவைப்பது அதைவிடக் கேடு. எட்மன்டனில் பீட்டர் கியரெல்லி 2019 ஜனவரி 21-ஆம் தேதி கோலி மிக்கோ கோஸ்கினனுக்கு மூன்று வருடம், வருடத்துக்கு 45 லட்சம் டாலர் என்று கையெழுத்திட்டார். ஓரிரு நாளில் கியரெல்லி வெளியே. மூன்று வருடமும் சம்பளம் கட்டியது அடுத்த மேனேஜர் கென் ஹாலண்ட். சீசன் நடுவில் சந்தேகம் வந்தால், இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்துக்கும் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்று அன்றே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

கே: எங்கள் பகுதி இளைஞர் சங்கத்தில் புல்தரை ஹாக்கி அணி இருக்கிறது. மேனேஜர் சம்பளம் வாங்காதவர். அவருக்கும் நான்கு வருடமா?
– செயலாளர், சாட்ஸ்வொர்த்

ப: வேண்டாம், இரண்டு சீசன் போதும். உங்களுக்கு டிராஃப்டும் இல்லை, உச்சவரம்பும் இல்லை, எட்டு வருட ஒப்பந்தமும் இல்லை. பார்க்க வேண்டியவை வேறு: பதினாறு வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் சேர்கிறதா, பதிவுக் கட்டணம் நேரத்தில் போகிறதா, ஆட்டத்துக்கு நடுவர் வருகிறாரா, கணக்கு வருடாந்தரக் கூட்டத்தில் வைக்கப்படுகிறதா. இவற்றில் இரண்டு தவறினால் முதல் இடத்தில் இருந்தாலும் மாற்றுங்கள். நான்கும் சரியாக இருந்தால் கடைசி இடத்தில் இருந்தாலும் விட்டுவையுங்கள்.

மாற்றுவது குளிர்கால சீசன் முடிந்த கையோடு இருக்கட்டும். ஆட்டக்காரர் பதிவேடு, பிறந்த தேதிச் சான்றுகளின் நகல், மட்டை, பந்து, கோலி கவசம் ஆகியவற்றின் பட்டியல், வங்கிக் கையெழுத்து அதிகாரம் இவை நான்கும் பழையவரிடமிருந்து புதியவருக்கு ஒரே நாளில், கமிட்டி முன்னிலையில் கைமாற வேண்டும். கோலி கவசத்தை எண்ண மறந்துவிடாதீர்கள், அதுதான் பெரும்பாலும் யார் வீட்டிலாவது தங்கிவிடும்.